மர்சூக்கின் கார்ட்டும் என் மோட்டரும்

மாத்தளையில் எந்தக் கம்ப்யூட்டர் செத்தாலும் அதற்குக் காரணம் நான். இது எனக்கே வெகு காலம் தெரியாது. ஒருநாள் சலூனில் குந்தியிருந்தபோது பக்கத்துக் கதிரையில் சவரத்துக்கு முகம் கொடுத்திருந்த மனிதர், "மோட்டர் வைண்டிங் சசி நீங்கதானா? எங்க மகனோட கம்ப்யூட்டர எரிச்ச ஆளு?" என்று கேட்டார். அந்த மகனையும் நான் கண்டதில்லை, அவனுடைய கம்ப்யூட்டரையும் கண்டதில்லை. அன்று தொடங்கிய எரிச்சல் வருடக்கணக்காக வயிற்றில் கிடக்கிறது.

கதையைக் கட்டியவன் மர்சூக். மாத்தளையிலுள்ள திருகோணமலை வீதியில் ஒரு மாடியில் எங்கள் இரண்டு கடைகளும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் நான் தண்ணீர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுகிறேன். அந்தப் பக்கம் அவன் கம்ப்யூட்டர் திருத்துகிறான். அவன் கையில் ஏதாவது செத்துப்போனால் குரலை இறக்கி, பலகையைக் கண்ணால் காட்டி, "சசி மோட்டரப் போட்டான், கரண்ட் எறங்கிருச்சி, நான் என்ன செய்ய" என்பான். அவனுடைய மேசைக்குக் கீழே யூபிஎஸ் பெட்டி ஒன்று இருக்கிறது. ஊரிலேயே கரண்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் தாங்கும். கஸ்டமர்மார் அந்தப் பெட்டியின் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் என்னைத் திட்டுவார்கள்.

அவனுக்கு வேலை தெரியாது என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். முதலில் படக் கேசட் வாடகைக்கு விட்டான், பிறகு போன் திருத்தினான், பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தான். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துத்தான் படித்தான். கழற்றியதில் சிலது இன்னும் பூட்டப்படாமல் மூலையில் கிடக்கிறது. கடைசியாக அவன் பிடித்துக்கொண்டது கிராபிக்ஸ் கார்ட். திரைக்குப் படம் காட்டுகிற தட்டு அது. அதன் மேல் நகத்தை விடச் சின்னதாக ஒரு சிப். மெஷினைப் போட்டதும் கார்ட் எப்படிக் கண் விழிக்க வேண்டும் என்பது அந்தச் சிப்புக்குள்தான் எழுதியிருக்கும். அதற்குப் பெயர் பயோஸ். அதை அழித்து வேறு எழுதுவதை மர்சூக் 'பயோஸ் அடிக்கிறது' என்பான். பிழையாக அடித்தால் கார்ட் எழும்பாது.

வருகிறவர்களுக்கெல்லாம் அவன் ஒரு பிரசங்கம் வைப்பான். "மொதல்ல உள்ள ஈக்கிறத காப்பி எடுத்து வெக்கணும். பொறகு மெமரி சிப் எந்தக் கம்பனின்னு பாக்கணும். ஒரே பேரு, ஒரே பெட்டி, ஆனா மெமரி வேற கம்பனின்னா ஒண்டுட பயோஸ் மத்ததுக்கு நஞ்சு. அடிக்கிற நேரம் தும்மவும் கூடாது." இதில் ஒரு சொல்லும் பிழையில்லை. காப்பிகளையும் ஒழுங்காக எடுத்து ஒரு பென் டிரைவில் வைத்திருந்தான். ஆனால் பெயர் வைத்த விதம்தான் நம்மூர் விதம். கார்ட்டின் நம்பரை எழுத மாட்டான், ஆளின் பெயரை எழுதுவான். 'பல்லேகம மாஸ்டர்', 'சீகிரியா ஸப்ரி', 'நாலந்தா ஜைனுதீன் ஹாஜியார், கோழிக்கூடு'.

இந்தக் கோழிக்கூட்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கார்ட்களை இரவு பகலாக ஓடவிட்டு இன்டர்நெட்டில் டிஜிட்டல் காசு தோண்டலாம் என்று எல்லாரும் அலைந்த காலத்தில், ஜைனுதீன் ஹாஜியார் தன் கோழிகளை விற்றுவிட்டுக் கூண்டுகளில் கார்ட்களை அடுக்கினார். அடுக்கிக் கொடுத்தவன் மர்சூக். முதலில் ஒவ்வொன்றின் சொந்தப் பயோஸையும் காப்பி எடுத்துவிட்டு, காசு தோண்டுவதற்கு ஏற்றபடி மாற்றி அடித்தான். பிறகு அந்த வியாபாரம் படுத்தது, கரண்ட் கட்டணம் ஏறியது. ஹாஜியார் திரும்பவும் கோழிகளைக் கொண்டுவந்தார். வெளியே வந்த கார்ட்களை மர்சூக் பிரஷ் போட்டுத் துடைத்து, "கொழும்புல ஈந்து வந்த புதுச் சாமான், பெட்டி மட்டும் மழையில நனஞ்சிருச்சி" என்று விற்றான். எனக்குத் தெரியும். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கம்ப்யூட்டர் எரிக்கிறவனிடம் யார் வந்து கேட்பார்கள்?

அதில் ஒன்றை வாங்கியவள் வித்தியா. அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்ந்த யாழ்ப்பாணத்து இராஜசிங்கம் ஐயாவின் மகள். கட்டாத வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு அனுப்புகிறவள். ஒரு பகல் மெஷினை அணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். கார்ட்டை ஓட்டுகிற டிரைவர் புரோகிராமைப் புதிதாகப் போட்டாளாம், அது கார்ட்டை ஏற்க மாட்டேன் என்கிறதாம். மர்சூக்கை அவள் 'நானா' என்பாள், முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"திங்கக்கிழமை படங்கள் போகோணும் நானா. போகாட்டி அவங்கள் வேற ஆளைப் பிடிப்பினம். அப்பாவுக்கு மருந்தும் இந்த உழைப்பிலதான்."

அன்று எனக்குச் செம்புக் கம்பி வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு மர்சூக்கின் ஸ்டூலில் குந்தி அவன் வாங்கித் தந்த பாலில்லாத பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மாற்றி அடித்த பயோஸைப் புது டிரைவர் கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான் கோளாறு. சொந்தப் பயோஸைத் திரும்ப அடித்தால் முடிந்தது. மர்சூக்குக்கு அது ஒரு பார்வையில் விளங்கிவிட்டது, "பயோஸ் கொழம்பிருச்சி தங்கச்சி, சொந்தத்தத் திரும்ப அடிக்கணும்" என்று மட்டும் அவளிடம் சொன்னான். உள்ளே இருந்ததைக் காப்பியும் எடுத்தான். பிறகு பென் டிரைவைத் திறந்தான். வித்தியா கதிரையை இழுத்து அவன் தோளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். மவுஸ் 'கோழிக்கூடு' வரைக்கும் போனது, கொஞ்சம் நின்றது, கீழே இறங்கி 'சீகிரியா ஸப்ரி' மேல் குந்திக்கொண்டது. அது ஸப்ரி தன் ஹோட்டலுக்கு உண்மையாகவே புதிதாக வாங்கிய கார்ட்டின் காப்பி. ஒரே பேரு, ஒரே பெட்டி. மெமரி எந்தக் கம்பனி என்று மர்சூக் பார்க்கவில்லை. பார்க்கப் போனால் கார்ட்டைக் கழற்ற வேண்டும், கழற்றினால் உள்ளே ஏதாவது கோழி இறகு கிடந்தாலும் கிடக்கும்.

"மச்சான், அது ஸப்ரியோடது" என்றேன்.

என் காலை மிதித்துவிட்டு அடித்தான்.

மெஷினை மறுபடி போட்டதும் திரை முழுக்க நிறம் நிறமாகச் சதுரங்கள் வந்தன. அதற்கடுத்த தடவை அதுவும் இல்லை. காற்றாடி மட்டும் சுற்றியது.

மர்சூக் குரலை இறக்கினான். கண் தானாகப் பலகைப் பக்கம் போனது. "சசி மோட்டரப் போட்டான், கரண்ட் எறங்கிருச்சி தங்கச்சி."

வித்தியா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன்.

"அண்ணை இஞ்சதானே இருக்கிறார்" என்றாள். "கடையும் பூட்டிக் கிடக்கு."

"இவன் இல்லாட்டியும் அந்த மோட்டர் சும்மா ஈக்காது" என்றான் மர்சூக். சொல்லி முடித்தபோது அவனுக்கே வெட்கமாகப் போயிருக்க வேண்டும், மேசையைத் துடைக்கத் தொடங்கினான்.

"இப்ப எழுப்பேலுமோ, ஏலாதோ?"

எழுப்பலாம். திரையின் வயரைக் கார்ட்டிலிருந்து பிடுங்கி மெஷினின் சொந்த வாயில் செருகினான். ஆனால் அந்தக் கார்ட் உள்ளே இருக்கிறவரை மெஷின் பீப் அடித்துவிட்டு நின்றது. அதற்கும் அவனிடம் வழி இருந்தது. பயோஸ் சிப்புக்கு எட்டுக் கால். புள்ளி வைத்த முனையில் எதிரெதிராக நிற்கிற இரண்டு கால்களையும் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு மெஷினைப் போட்டால், கெட்ட பயோஸ் வாசிக்கப்படாது, மெஷின் தடங்கலில்லாமல் எழும்பும். எழும்பியதும் சாமணத்தை எடுத்துவிட்டு நல்லதை அடிக்கலாம். கை வழுக்கி வேறு காலைத் தொட்டால் சிப்பே போகலாம். ஆகவே சாமணத்தை என் கையில் தந்தான்.

"நீ கம்பி சுத்துறவன், கை நடுங்காது."

புகழ்ச்சிக்குத் தந்ததல்ல. கார்ட் செத்தால் பழி சொல்ல ஆள் வேண்டும். இந்தத் தடவை சாட்சிக்கு ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் தொட்டுக்கொண்டேன், அவன் போட்டான், மெஷின் எழும்பியது. சாமணத்தை எடுத்தேன். அடிக்கிற புரோகிராம் கார்ட்டைக் கண்டுகொண்டது.

"தங்கச்சி, கீழ நல்ல பிளேன்டீ ஈக்கு, குடிச்சிட்டு வாங்களே."

"நான் இருக்கிறன் நானா. எடுத்த காப்பியைப் போட்டா டிரைவர் திரும்பவும் ஏற்காதெல்லோ? இதின்ர சொந்தப் பயோஸ் உங்களிட்ட இருக்கோ இல்லையோ?"

மர்சூக் நெற்றியைத் துடைத்தான். இல்லை என்றால் அவளுடைய வேலை போய்விடும். இருக்கிறது என்றால் அவன் பெயர் போய்விடும். பிறகு மவுஸ் மெல்ல மேலே ஏறிக் கோழிக்கூட்டில் நின்றது. அந்த ஒன்றுக்காக நான் அவனை இன்னும் மச்சான் என்று கூப்பிடுகிறேன்.

வித்தியா வாய்விட்டு வாசித்தாள். "ஆர் இந்த ஹாஜியார்?"

"நல்ல மனுசன்" என்றான் மர்சூக்.

"கோழிக்கூடு?"

மர்சூக் வயர் ஒன்றை இழுத்துச் சரிபார்த்தான்.

"இது சூடாகேக்க கோழித்தீன் மணம் வாறது. பக்கத்து வீடு எண்டு நினைச்சு அந்தச் சனத்தோட நான் கதைக்கிறதையே விட்டிட்டன்" என்றாள். குரல் உயரவில்லை. "அடியுங்கோ."

அடித்தான். யாரும் தும்மவில்லை. மறுபடி போட்டபோது டிரைவர் முறைக்காமல் ஏற்றுக்கொண்டது. யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கட்டாத வீடு, ஜன்னலும் புல்லுமாகத் திரையில் வந்து நின்றது. அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கார்ட்டின் பெட்டியைத் தன் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதில புதுசு எண்டு எழுதினதை வெட்டிப்போட்டு ஹாஜியாரின்ர பேரை எழுதுங்கோ. நாளைக்கு நான் விக்கேக்க வாங்கிறவருக்குத் தெரியோணும்."

எழுதினான். பென் டிரைவில் எழுதியதை விட அழகாக எழுதினான்.

படங்கள் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தன, வேலை தப்பியது. அவள் ஊரில் யாரிடமும் மர்சூக்கைத் திட்டவில்லை. "சசி அண்ணையின்ர கடை அண்டைக்குப் பூட்டு" என்று மட்டும் சொன்னாள். அது போதுமாக இருந்தது. இப்போது மர்சூக் பலகையைக் கண்ணால் காட்டினால், கஸ்டமர்மார் வெளியே வந்து என் கதவில் பூட்டுத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன வாரம் பலகைக்கு மேலால் அவன் தலை வந்தது. முகத்தில் வியர்வை, கையில் யாருடையதோ ஒரு கார்ட்.

"சசி, கடையில ஆள் ஈக்கு. ஒரு சின்ன உதவி செய் மச்சான்" என்று ரகசியமாகச் சொன்னான். "உன்ட அந்தப் பெரிய மோட்டரக் கொஞ்சம் போடு."