முன் சீட்டில் அண்ணி

எங்கள் வீட்டில் ஐந்து வருடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. அந்த ஐந்து வருடமும் நான் பொறாமையில் வெந்தேன். காரைப் பார்த்து இல்லை, அதில் முன்னால் உட்கார்ந்து வந்த என் நாத்தனாரைப் பார்த்து. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது. எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் திருவண்ணாமலையில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்லுவோம். ஐம்பது வயது தாண்டும் வரைக்கும் அவருக்கு ஸ்கூட்டர்தான். பெண்ணைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு, அங்கே போய்வர ஒரு கார் இருந்தால் தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு மெட்ராஸ்காரர் வெளிநாடு போவதால் காரை விற்கிறார் என்று யாரோ சொல்ல, போய்ப் பார்த்தார். அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அது வயசுப் பிள்ளைகள் ஓட்டுகிற கார். சின்னதுதான், ஆனால் டயர் மட்டும் அகலம். பின்னால் றெக்கை மாதிரி ஒரு பலகை. பழைய சொந்தக்காரர் அதைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தார். உள்ளே உட்காருவது மணையில் உட்காருவது போல. சைலன்சர் போடுகிற சத்தத்துக்குத் தெருவில் கட்டியிருக்கிற மாடெல்லாம் எழுந்து நிற்கும். மண்டிக்கு வந்த விவசாயி ஒருத்தர், "இன்னா மொதலாளி, காலேஜுல சேந்துட்டியா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு அதில் கோபமே இல்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கல்யாணம் ஆன புதிதில் பார்த்தது.

மறுநாள் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி, நான்தான் மஞ்சள் குங்குமம் வைத்தேன். என் நாத்தனார், அவருக்கு அக்கா, கணவர் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். நல்ல காரியம் என்று அண்ணி தள்ளி, பூக்கடை ஓரமாக நின்றுகொண்டார். முன் சீட்டு எனக்குத்தான் என்று அந்த நேரத்தில் என் மனசு சொன்னது. ஒரு மனுஷிக்கு வந்த கஷ்டத்தை எனக்குச் சௌகரியமாக எண்ணிக்கொண்டேன். அது தப்பு என்று அப்போதே தெரியும்.

எலுமிச்சம்பழம் நசுங்கி வண்டி நகர்ந்ததும் என் வீட்டுக்காரர் எட்டி முன் கதவைத் திறந்தார்.

"அக்கா, நீ முன்னால வா. பின்னால உக்காந்தா உனக்கு வாந்தி வரும்."

"அவ உக்காரட்டும்டா."

"அவளுக்கு ஒண்ணும் ஆவாது. நீ ஏறு."

நான் பின்னால் ஏறினேன். முழங்கால் மார்பில் இடித்தது. பூஜைத் தட்டு, தேங்காய், மாலை எல்லாம் என் மடியில்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மாதத்தில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர். முன்னால் அக்காவும் தம்பியும். பின்னால் நானும் பைகளும். சைலன்சர் சத்தத்தில் அவர்கள் பேசுவது ஒன்றும் எனக்குக் கேட்காது. அண்ணி அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லுவார், அவர் தலையாட்டுவார். அண்ணி கையை நீட்டி எதையோ காட்டுவார், அவர் திரும்பிச் சிரிப்பார். என்னிடம் அவர் பேசுவதெல்லாம் சாப்பாடு, தண்ணி, சட்டைப் பொத்தான். முப்பது வருடத்தில் என்னோடு அவ்வளவு பேச்சு அவர் பேசியதில்லை. பின்னாலிருந்து ரெண்டு தலையையும் பார்த்துக்கொண்டே வருவேன். அண்ணியின் கொண்டையில் ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் அதைக்கூடக் கோபமாகப் பார்ப்பேன்.

கடைசி வருடம் இதற்கு மேல் ஒன்று வந்தது. ரோட்டில் இருக்கிற ஸ்பீடு பிரேக்கர், நாங்கள் மேடு என்போம், அதில் ஏறி இறங்கும்போது காரின் அடிவயிறு உராயும். அந்தச் சத்தம் கேட்டால் தன்னையே யாரோ கீறினது போல அவர் முகம் சுருங்கும். மெக்கானிக் பார்த்துவிட்டு, "பின்னால ஆள் இருந்தா சைலன்சர் இடிக்கும் சார். முன்னால ஆள் இருந்தா பிரச்சினை இல்ல" என்று சொல்லிவிட்டார்.

போச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஒவ்வொரு மேட்டுக்கும் கார் நிற்கும். நான் இறங்குவேன். கார் மெதுவாக ஏறி இறங்கிப் பத்தடி தள்ளி நிற்கும். நான் நடந்துபோய் ஏறிக் கதவைச் சாத்துவேன். சாத்தின சத்தம் கேட்டதும் கார் கிளம்பும். கீழ்பென்னாத்தூர் போய்ச் சேருவதற்குள் ஒன்பது மேடு. ஒன்பது தடவை இறங்கி ஏறினேன். அண்ணி மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

மேடு இருக்கிற இடமெல்லாம் பள்ளிக்கூடமோ டீக்கடையோ இருக்கும். அத்தனை கண்ணும் என் மேல். தெரு முனைக் கடைக்குப் போகவே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போகிறவள் நான். ஒரு டீக்கடையில் என்னைப் பார்த்ததுமே, "தோ, எறங்குற அம்மா வந்துட்டாங்க" என்பார்கள். ஒரு நாள் ஒருத்தர், "ஏம்மா, நடந்தே போனா சீக்கிரம் போயிடலாமே" என்றார். அதில் பொய்யும் இல்லை. முதல் வருடம் செங்கம் ரோட்டில் பறந்த மனுஷன், அந்த வருடமெல்லாம் மாட்டு வண்டி போல ஓட்டினார். வயசாகிறது, பயம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பேரனுக்குப் பிறந்தநாள் வந்தது. பலகாரப் பை, பூப் பை, துணிப் பை எல்லாம் என் பக்கத்தில். ஆறாவது மேடு, அந்த டீக்கடை மேடு. இறங்கினேன். கார் தாண்டி நின்றது. போய்க் கதவைத் திறந்தேன். ஏறப்போனபோது ஒரு கால் செருப்பு வார் அறுந்து பின்னால் நின்றுவிட்டது. அதை எடுக்கத் திரும்பினேன். ரோட்டில் லாரி வந்ததால், திறந்த கதவு தட்டுமே என்று சாத்திவிட்டுத் திரும்பினேன்.

கதவு சத்தம்தான் அவருக்குக் கணக்கு. கார் கிளம்பிவிட்டது.

கையில் செருப்போடு நின்றேன். "ஏங்க" என்றேன். என் தொண்டைக்கு அதுவே ஜாஸ்தி. அந்தச் சைலன்சருக்கு முன்னால் அது என்ன கேட்கும்? டீக்கடையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"யோவ், அம்மாவ வுட்டுட்டுப் போறாருய்யா!"

"கூப்புடும்மா! கை தட்டு!"

"இன்னா கை தட்றது, கார் அங்க போயிடுச்சி."

ஒருத்தர் பெஞ்சில் துண்டைத் தட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. புளியமரத்துப் பக்கம் திரும்பி நின்றேன். இப்போது திரும்பிப் பார்ப்பார், இப்போது பார்ப்பார் என்று இருந்தேன். பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் அப்படி என்ன பேச்சு அக்காவோடு? எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது.

கீழ்பென்னாத்தூர் போகிற டவுன் பஸ் வந்தது. டீக்கடைக்காரரே கை காட்டி நிறுத்தினார். இடுப்பில் சுருக்குப் பை இருந்ததால் ஏறிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் எதிரில் சத்தம் கேட்டது. எங்கள் கார்தான், திரும்பி வந்துகொண்டிருந்தது. அண்ணி தலையை வெளியே நீட்டி ரோட்டோரமெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துகொண்டு ஓட்டினார். ஜன்னலோரம் இருந்த நான் கை நீட்டியிருந்தால் பார்த்திருப்பார்கள். நீட்டவில்லை. தேடட்டும் என்று உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

பெண் வீட்டுக்கு நான் போய்க் காபி குடித்து முடித்து ரொம்ப நேரம் கழித்துத்தான் கார் வந்தது. அண்ணி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ன காணாம உசுரு போயிடுச்சும்மா. ஏதோ பஸ்ல ஏறுனாங்கன்னு டீக்கடையில சொன்ன அப்புறம்தான் மூச்சே வந்துது." அவர் வாசலில் நின்று, "பஸ்ஸா?" என்றார். அவ்வளவுதான்.

என் பெண் என்னைப் போல இல்லை. "இன்னாப்பா இது? போம்போது அம்மா முன்னால உக்காரட்டும். அத்தை, நீங்க பின்னால உக்காருங்க, எலுமிச்சம்பழம் தரேன், மோந்துகினு போங்க" என்றாள். அண்ணி தம்பி முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

சாயந்திரம் வெயில் தாழக் கிளம்பினோம். ஐந்து வருடம் ஆசைப்பட்ட சீட்டு. எதிரே ரோடு முழுக்கத் தெரிந்தது. தூரத்தில் மலை. அவர் கை கியரில், என் கைக்குப் பக்கத்தில். ஏதாவது பேசுவார் என்று காத்திருந்தேன். பேசினார்.

"மேடு வந்தா சொல்லு."

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

கியரை மாற்றினார். நேராக எதிரே ஒரு மேடு இருந்தது. வெள்ளைக்கோடு மங்கியிருந்தாலும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நிறுத்துவார் என்று பார்த்தேன். கார் அதே வேகத்தில் போனது. பின்னாலிருந்து அண்ணி என் தோளுக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினார்.

"தம்பி, மேடு! மேடு!"

அவர் பிரேக்கை மிதித்தார். அண்ணி இறங்கி நடந்து, கார் தாண்டி, மறுபடி ஏறினார். நான் திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆவுதும்மா. கண்ணு மங்கிடுச்சி அவனுக்கு. சொல்லாதேன்னான். நான்தான் பக்கத்துல உக்காந்து மாடு, மேடு, சைக்கிள்னு சொல்லிகினு வரேன். இனிமே நீ பாத்து சொல்லு."

கடைசி வருடமெல்லாம் அவர்கள் பேசிய பேச்சு அதுதான். மாடு, மேடு, சைக்கிள். பொறாமை அன்றோடு தீர்ந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். தீரவில்லை, இன்னும் மோசமானது. சீட்டு போனால் போகிறது. கண் மங்கினதை அக்காவிடம் சொன்ன மனுஷன் என்னிடம் சொல்லவில்லை. தினமும் சாதம் போடுகிறேன், கறிவேப்பிலையைத் துழாவி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பேப்பர் வாங்குவதை நிறுத்தினார், செலவு என்றார். நம்பினேன். எல்லாரையும்விடப் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போனது. என்னைத் தெரிந்துகொள்ள விடவில்லை.

அடுத்த மேடு வந்தது. அண்ணி களைத்துக் கண்ணை மூடியிருந்தார். எதிரே, பின்னே வண்டி இல்லை, ஆள் இல்லை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கார் தூக்கிப் போட்டது. அடியில் தகரத்தைக் கிழிப்பது போலச் சத்தம். சைலன்சர் ஒரு பக்கம் கழன்று ரோட்டில் இழுபட்டது. அண்ணி "ஐயோ முருகா" என்று எழுந்தார். அவர் ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கை விடவில்லை.

"மேடு இருந்துதா?"

"இருந்துது."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லலாமில்ல?"

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அடிப்பாரோ, கத்துவாரோ என்று இருந்தது. இறங்கிப் போய்க் காருக்குப் பின்னால் குந்தினார். கையை அடியில் விட்டுத் தடவிப் பார்த்தார். கண்ணால் பார்க்கவில்லை, விரலால்தான். நானும் இறங்கிப் பக்கத்தில் நின்றேன்.

"எல்லாம் புகை மாதிரி கீது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எதிர் வெயில்னா ஒண்ணுமே தெரியல. உன்கிட்ட சொன்னா வண்டிய வித்துடுன்னு சொல்லுவ."

"சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

"அண்ணி சொல்லலியா?"

"அவ நான் சொன்னா கேப்பா. நீ பேச மாட்ட, ஆனா கேக்கவும் மாட்ட."

இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன பெரிய பேச்சு அதுதான். திட்டினாரா, மெச்சினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சூடு ஆறினதும் கழன்ற சைலன்சரைப் பூப் பையின் நாடாவை அவிழ்த்து நான் கட்டினேன். சாவியை நான் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் இருந்த தெரிந்தவர் வீட்டு வாசலில் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரி. கண்புரை, ரெண்டு கண்ணிலும் முற்றியிருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். வராந்தாவில் நானும் அண்ணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வராந்தா நிறைய ஜனம். உள்ளே இருந்து ஒரு நர்ஸ் வந்து அவர் பேரைச் சொல்லி, "இவரு கூட யாரு இருக்கப் போறீங்க? ஒருத்தர்தான்" என்று கேட்டார்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அண்ணி வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு கையில் வைத்திருந்த தம்பியின் சட்டையையும் தண்ணீர் பாட்டிலையும் என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். சட்டையை அண்ணிதான் மடித்து வைத்திருந்தார். உள்ளே போனதும் அதை உதறி, நான் ஒரு தடவை மடித்தேன்.