பன்னிரண்டு மணி ஊசி

என் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்காக, பிரான்சில் குடியிருக்கும் என் அண்ணன் முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அன்றும் வழக்கம்போல எல்லாவற்றையும் நேரம் போட்டு டைரியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

12.05க்கு அண்ணன் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். "பிரான்சுல பன்னெண்டேகாலுக்குச் சாப்பாட்டுத் தட்டு முன்னால வந்துடும்மா" என்று சிரித்தார். எங்கள் வீட்டில் ஃபாதர் வந்து ஜெபம் சொல்லாமல் இலை போடுவதில்லை. அன்று ஃபாதர் வரத் தாமதமாகிவிட்டது.

1.20க்கு அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. வெயில் மயக்கம் என்று நினைத்து உப்பு மோர் கொடுத்தேன். என் கணவர் ஜூஸ் கொண்டுவந்தார். "சுகர்காரருக்குப் போய் இதையா குடுப்பீங்க?" என்று நானே தடுத்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

டாக்டரிடம் சொல்ல நேரம் குறிக்கலாமென்று டைரியைத் திறந்தேன். 12.05 என்ற வரி கண்ணில் பட்டது. ஊசி போட்ட பிறகு அவர் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை! இது வெயில் இல்லை, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது.

"சக்கரை! சக்கரையைக் கரைச்சிக் கொண்டாங்க!" என்று அலறினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியபடியே கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாதி வழியில் அண்ணன் தெளிந்து, "ஏன்டி அழுவுற? ஃபாதர் வந்துட்டாரா?" என்றார்.

இப்போதெல்லாம் விருந்துக்கு அழைக்கும்போதே, இன்சுலின் போடுபவர்கள் யாரென்று கேட்டு டைரியில் முதல் வரியாக எழுதிவிடுகிறேன். அவர்களுக்குச் சோறு பரிமாறிய பிறகுதான் ஊசி. ஜெபத்துக்காக அவர்களைக் காக்கவைப்பதில்லை.