சனிக்கிழமைத் தப்புகள்

நேற்று விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே, சுவரில் ஒருவர் காதணி விழா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து மைதாப் பசை வாடை வந்ததும் என் கை பிசுபிசுத்தது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எண்பதுகளில் மூன்று வருடம் எனக்குச் சோறு போட்டது அந்தப் பசைதான்.

திண்டிவனத்தில் ஒரு பார்சல் லாரி ஆபீஸ். வருகிற பெட்டிகளில் ஊர்ச்சீட்டு ஒட்டுவது என் வேலை. பி.காம். படித்தவன் பசை தடவுகிறானே என்று அப்பாவுக்கு வருத்தம். மேனேஜர் தணிகாசலம் ஒல்லியான மனிதர், வாயில் எந்நேரமும் வெற்றிலை. கோபம் வந்தால் பெட்டியைத் திட்டுவார், ஆளைத் திட்ட மாட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை மத்தியான லாரி கிளம்பியதும், அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, பேப்பரில் கொட்டுவார். ஆபீஸில் இருந்த நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து, அந்த வாரம் செய்த தப்பை ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் அவர்.

"மயிலத்துக்காரருக்கு போன் பண்றேன்னு சொல்லிட்டு மறந்தே பூட்டேன்யா. செம திட்டு."

அங்கே சொன்னதைத் திங்கட்கிழமை யாரும் கிளறக் கூடாது. தப்பை இப்படித் தோலுரித்துத் தின்ற வேறு ஆபீஸை நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை லோடுமேன் முனுசாமி மல்லாட்டையை உரித்துக்கொண்டே சொன்னார்: "ஒலக்கூர் கல்யாண ஊட்டுக்கு நேத்து பொடவப் பெட்டி ஏத்தினேன். இன்னா கனம்! இரும்ப வெச்சா நெய்யறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் உரித்த மல்லாட்டையைப் பேப்பரிலேயே வைத்தேன். முந்தின நாள் ஒரே அளவில் இரண்டு பெட்டிகள் வந்திருந்தன. நான் ஊர்க்கதை பேசிக்கொண்டே சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறேன். கூரைப்புடவை விழுப்புரத்துப் பம்புசெட் கடைக்கும், என்ஜின் சாமான் ஒலக்கூர் மணப்பெண்ணுக்கும் போய்விட்டது. திங்கட்கிழமை முகூர்த்தம்.

"சார், நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்" என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். வீட்டில் சம்பளக்காரன் நான் ஒருவன்தான்.

தணிகாசலம் எழுந்து வேட்டியை உதறினார். "எந்தக் கட? ஜல்தி சொல்லு."

அவ்வளவுதான் கேட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறி, கடை மூடுவதற்குள் பெட்டியை மீட்டார். திரும்பும்போது முண்டியம்பாக்கம் வரை நின்றுகொண்டேதான் வந்தோம். ஞாயிறு காலை ஒலக்கூரில் பெட்டியைச் சேர்த்தோம். பெண் வீட்டார் அதுவரை மாறி வந்த பெட்டியின் கட்டைப் பிரிக்கவே இல்லை. கேசரி கொடுத்தார்கள். நான் தட்டைத் தொடவில்லை, அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு, புதன்கிழமை முதலாளி விழுப்புரத்திலிருந்து வந்துவிட்டார். "ஒட்டினவன இன்னியோட அனுப்பிடு."

"அனுப்பிடலாங்க" என்றார் தணிகாசலம். "ஆனா அவனே வாய தொறந்து சொன்னதாலதான் பொடவ நேரத்துக்குப் போச்சு. இவன அனுப்பினா இனிமே எவனும் சொல்ல மாட்டான். பெட்டி பாட்டுக்கு மாறிப் போய்க்கினே இருக்கும், நமக்குத் தெரியாது. அந்த ஆபீஸுக்கு நான் மேனேஜரா இருக்க முடியாதுங்க."

முதலாளி, "ரெண்டு தபா பாத்து ஒட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு தணிகாசலம் கேட்டிருந்தால் நான் லாரியையே தூக்கியிருப்பேன்.

பின்னாளில் விழுப்புரம் கிளைக்கு நானே மேனேஜரானேன். முதல் சனிக்கிழமையே மல்லாட்டையைக் கொட்டி, "அவங்கவங்க தப்ப சொல்லுங்க" என்றேன்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க சார்" என்றார் ஒரு லோடுமேன்.

"நான் இன்னாய்யா தப்பு பண்ணேன்?" என்றேன்.

மல்லாட்டையைத் தின்றுவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த சனிக்கிழமை யாரும் உட்காரவில்லை.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. திண்டிவனம் ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. தணிகாசலமும் போய்ச் சேர்ந்துவிட்டார். விழுப்புரத்தில் அந்த முதல் சனிக்கிழமை நான் செய்த தப்பு எதுவென்று எனக்கு இன்று நன்றாகத் தெரியும். சொல்லலாம் என்றால், சுற்றி உட்கார ஆளில்லை.