நரிக்கு இரண்டு சொற்கள்

தமிழில் நரி என்ற ஒரு சொல்லோடு நாங்கள் சமாளித்துவிடுகிறோம். நான் வாழும் டென்மார்க்கின் மொழியான டெனிஷில் அது முடியாது. சிவந்த உடம்பும் நீண்ட வாலும் உள்ளது றேவ். எங்கள் ஊர்ப் பற்றைகளில் ஊளையிட்டது ஷகால். றேவ் கோழிக்கூட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் சில நிபந்தனைகளோடு அதைப் பிடிக்கவும் கொல்லவும் இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. ஷகால் வருடம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைக் கொன்றால் குற்றம். இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முப்பது வருடங்கள் இந்த நாட்டு அலுவலகங்களில் தமிழருக்கு மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

ஸ்கீவ என்ற இந்தச் சிறுநகரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரரும் யாழ்ப்பாணத்தவர். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்குப் பின்னால் பதினொரு கோழிகள் வளர்த்தார். டெனிஷில் இல்லை என்பதற்கு உள்ள சொல் எங்கள் காதில் ‘நாய்’ என்றே விழும். வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவர் இன்னமும் சிரிப்பார். “லீவு கேட்டாக் காணும், மனேஜர் நாய் நாய் எண்டு ரெண்டு தரம் குலைப்பான்” என்பார்.

பிரஜாவுரிமைச் சோதனையில் மூன்றாம் முறை சித்தியடைந்து, விண்ணப்பம் போட்டுவிட்டு, அவர் கடிதத்துக்காகக் காத்திருந்தார். காத்திருக்கும் காலத்தில் கொஞ்சம் பெரிய அபராதம் ஒன்று விழுந்தால் போதும், விண்ணப்பம் வருடக்கணக்கில் தள்ளிப்போகும். அதனால் ஐம்பதில் போகக்கூடிய வீதியில் நாற்பதில் கார் ஓட்டுவார். “பின்னால வாறவன் ஹோண் அடிக்கட்டும், மாஸ்டர். அவனிட்டப் பாஸ்போட் கிடக்கு.”

ஊரில் இரண்டு வருடம் படிப்பித்தேன் என்பதற்காக எல்லோருக்கும் நான் மாஸ்டர்.

ஏப்ரலில், ஒரே வாரத்தில், நான்கு கோழிகள் போயின. அவர் வேலியருகே வந்து நின்றார்.

“மாஸ்டர், நரி. விடியக் கண்டனான். எங்கட ஊர் நரி மாதிரியே கிடக்கு.”

“உமக்கு ஊர் நினைப்பு, தம்பி. டென்மார்க்கில ஏது அந்த நரி? இது றேவ்.”

“பிடிச்சாப் பிழையோ? எனக்கு இப்ப ஒரு கரைச்சலும் வரக்கூடாது. வடிவா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

அன்று பின்னேரமே கணினியைத் திறந்து ஒரு மணித்தியாலம் விதிகளை வாசித்தேன். நஞ்சு வைக்கக் கூடாது. பொறி உயிரோடு பிடிக்கும் பெட்டியாக இருக்க வேண்டும். காலையும் மாலையும் போய்ப் பார்க்க வேண்டும். இன்னும் இரண்டு மூன்று இருந்தன. எல்லாமே றேவ் என்ற தலைப்பின் கீழ். பக்கத்தின் ஓரத்தில் மற்ற விலங்குகளின் பட்டியல் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. மறுநாள் வேலியில் கைகளை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார். கம்பிப் பெட்டியின் மூலையோடு ஒட்டிக்கொண்டு அது நின்றது. கத்தவில்லை. கம்பியைக் கடித்துப் பல் முரசெல்லாம் இரத்தம். கண்கள் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் மாறி மாறிப் போய்வந்தன. உடம்பு மண்ணிறம். கால்கள் உயரம். வால் கட்டை, நுனி கறுப்பு.

“வாலைப் பாருங்கோ, மாஸ்டர். றேவுக்கு நுனி வெள்ளையெல்லே?”

“மயிர் கொட்டுற காலம். அப்பிடித்தான் இருக்கும்.”

அதுவரை நான் ஒரு றேவைக்கூட அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

“என்னோட வேலை செய்யிற டெனிஷ்காரன் ஒருத்தன் வேட்டைக்குப் போறவன். வேலை முடிய வாறன் எண்டவன். அவனும் ஒருக்காப் பாக்கட்டுமே?”

“ஏன், நான் பாத்தது காணாதோ?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவருடைய முகம் மாறிவிட்டது. “ஐயோ, அப்பிடியில்ல மாஸ்டர்” என்று சொல்லிக்கொண்டே கொட்டிலுக்குள் போய் இரும்புக் குழாயோடு வந்தார். பெட்டியின் மூடியில் கை வைத்தபடி இன்னொரு தடவை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பிறகு மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரே அடி.

பின்னேரம் வேட்டைக்காரர் வந்தார். உடலை மூடியிருந்த சாக்கை விலக்கினார். குனிந்து வாலைத் தூக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். “இது றேவ் இல்லை, ஷகால்” என்றார். “இன்றைக்கே நீயாக அறிவித்துவிடு. நீ அறிவிக்காவிட்டால் நான் அறிவிக்க வேண்டிவரும்.” பக்கத்து வீட்டுக்காரர் என்னைத்தான் பார்த்தார். நான் வேட்டைக்காரரின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலேயே நின்று, திக்கித் திக்கி, பக்கத்து வீட்டுக்காரரே பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார்.

மறுநாள் ஒரு பொலிஸ்காரர் வந்து பக்கத்து வீட்டுக் குசினி மேசையடியில் உட்கார்ந்தார். இளவயது, மரியாதையான ஆள். தொழிற்சாலைக்குப் போதுமான டெனிஷ் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தது. பயத்தில் அது அவரை விட்டுப் போய்விட்டது. ஆகவே நான் மொழிபெயர்த்தேன். பெயர், முகவரி, பொறி வாங்கிய இடம், நேரம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு பொலிஸ்காரர் கேட்டார்: “கொல்வதற்கு முன் சட்டம் என்ன என்று இவர் யாரிடமாவது விசாரித்தாரா?”

கேள்வியை அப்படியே தமிழில் சொன்னேன்.

“ஓம். உங்களிட்டத்தானே கேட்டனான். நீங்கள் வாசிச்சுச் சொன்னதைத்தான் செய்தனான். அதைச் சொல்லுங்கோ, மாஸ்டர்.”

பொலிஸ்காரர் பேனையோடு என்னைப் பார்த்தார். சொன்னால் எனக்குத் தண்டனை ஏதும் வந்திருக்காது. ஒரு விலங்கின் பெயரைச் சரியாக மொழிபெயர்க்கத் தெரியாத மொழிபெயர்ப்பாளன் என்று அந்தக் கொப்பியில் ஏறும், பிறகு ஸ்கீவத் தமிழர் எல்லோரும் கதைப்பார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத் தாங்க என்னால் முடியவில்லை.

“நாய்” என்றேன்.

பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். அடுப்படியில் நின்ற அந்த வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

“சீனி காணுமோ, மாஸ்டர்?”

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஐந்து வாரம் இருந்தேன். அவருக்குக் கேட்கவில்லை, பயத்தில் இருந்தார், விளங்கவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். அவரும் சனிக்கிழமைகளில் வழக்கம்போல முட்டை கொண்டுவந்தார். கோழிகள் குறைந்ததால் நான்கே நான்கு.

ஐந்தாம் வாரம் அபராதக் கடிதம் வந்தது. வாசித்துச் சொல்லும்படி என்னிடமே தந்தார். ‘முன்கூட்டி எங்கும் விசாரிக்காமல்’ என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியை நான் வாசிக்கவில்லை. ஏற்றுக்கொண்டு கட்டலாம், அல்லது மறுத்து நீதிமன்றத்துக்குப் போகலாம், கடைசி நாள் வரும் வெள்ளி என்று மட்டும் சொன்னேன். விசாரித்துவிட்டுத்தான் செய்தார் என்பது தெரிந்திருந்தால் எச்சரிக்கையோடு விட்டிருக்கக்கூடும். விடாமலும் போயிருக்கலாம். அது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

நான் அவரிடம் போனது சனிக்கிழமை. தற்செயலாக ஒரு நாள் பிந்திவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது தற்செயல் இல்லை.

அவர் கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“தம்பி, அண்டைக்கு நீர் சொன்னதை நான் சொல்லேல்ல.”

“தெரியும்.” தண்ணீர்க் குழாயை நிறுத்தாமலே சொன்னார்.

“தெரியுமோ?”

“இருபத்திரண்டு வருசமா இங்க கிடக்கிறன். நாய் எண்டால் எனக்கு விளங்காதோ?”

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“அப்ப ஏன் அந்த இடத்திலயே சொல்லேல்ல?”

“பொலிசுக்கு முன்னால உங்களைப் பொய்யன் எண்டு சொல்லச் சொல்லுறியளோ? நீங்களே வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு சனியும் முட்டையோட வந்து பாத்தனான்.”

“அபராதம்?”

“நேற்றுக் கட்டிப்போட்டன். கடைசி நாளெல்லே.”

தண்ணீர் என் செருப்பு வரை ஓடிவந்தது. அவர் குழாயைத் திருப்பிப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பொலிசுக்கும் பிரஜாவுரிமை அலுவலகத்துக்கும் டெனிஷில் ஒரு கடிதம் எழுதினேன். விசாரித்தேன் என்று அவர் சொன்னதை, இல்லை என்று தெரிந்தே மாற்றிச் சொன்னவன் நான். அது றேவ் என்று அவருக்குச் சொன்னவனும் நான். கட்டிய அபராதத்தை இது மாற்றுமா, விண்ணப்பத்துக்கு உதவுமா என்று எனக்குத் தெரியாது. அனுப்புவதற்கு முன் அவரிடம் கொண்டுபோய், வாசித்துச் சொல்லவா என்று கேட்டேன்.

“தாங்கோ, நானே வாசிக்கிறன்.”

படியில் உட்கார்ந்து, விரலை வரியில் வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார். ‘தெரிந்தே’ என்பதற்கு நான் எழுதியிருந்த டெனிஷ் சொல்லில் விரல் நின்றது. நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அதன் கருத்தைத் தேடினார்.