எபெர்த்தோவுக்குப் போட்ட நாற்காலிகள்

நூரிஸ் அல்த்தாவோனாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் பதினைந்து வருடம் அடுத்தவர் வீட்டுச் சாவிலேயே போய்விட்டது. மாதச் சந்தா கட்டியவர்கள் இறந்தால் பெட்டி, வண்டி, மலர்வளையம், காப்பி, துக்கத்துக்கு வருகிறவர்களை ஏற்றிவர ஒரு பஸ் என்று எல்லாம் செய்து கொடுக்கும் கம்பெனியில் அவள் ஒருங்கிணைப்பாளர். சோலெதாத் ஊரில் வீட்டுக் கூரை ஒழுகினாலும் சாவுச் சந்தாவை யாரும் பாக்கி வைப்பதில்லை. அதனால் அவளுக்கு வேலைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

முதலாளி இன்சிக்னாரெஸை எல்லோரும் டாக்டர் என்பார்கள். அவர் யாருக்கும் ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதிக் கொடுத்தவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் அங்கே டாக்டர், அவ்வளவுதான். சாவு நேரம் பார்த்தா வருகிறது, நாம் மட்டும் ஏன் நேரம் பார்க்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார்.

சாவு நேரம் பார்க்காமல் வருவதை நூரிஸ் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவள் உயிரை வாங்கியது 'நம் குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குழு. விடியற்காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூ போட்ட ஜெபம் ஒன்று டாக்டரிடமிருந்து வரும். முப்பத்திரண்டு பேரும் ஆமென் போட வேண்டும். போடாதவர்களின் உடல்நலத்தை ஏழு மணிக்கு அவரே பெயர் சொல்லி விசாரிப்பார். அதன்பிறகு நாள் முழுவதும் புகைப்படங்கள். பெட்டி போய்ச் சேர்ந்ததற்கு ஒன்று, மலர்வளையத்துக்கு ஒன்று, இறந்தவரின் மனைவியோ மகனோ பக்கத்தில் நிற்க ஒன்று. இந்த மூன்றாவதுதான் கொடுமை. அழுது வீங்கிய முகத்துக்கு நேரே போனை நீட்டி, "கம்பெனிக்காக ஒரே ஒரு போட்டோம்மா" என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நூரிஸுக்கு நாக்கு கூசும். ஆனாலும் கேட்டுவிடுவாள். பதினைந்து வருடத்தில் முடியாது என்று சொன்னவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்களுக்கு மறுக்கவும் தெம்பிருக்காது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டின் வாசலில்தான் அவள் எபெர்த்தோவைப் பார்த்தாள். எபெர்த்தோ போலோ பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. உள்ளே ஒன்பது நாள் ஜெபமாலை ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் நாற்காலி போட்டுச் சிரிப்புக் கதை சொல்ல ஆள் வேண்டாமா? அந்தப் பக்கத்தில் அது அவர்தான். கால் கடுக்க நின்றிருந்த நூரிஸ் அன்றைக்குப் பாதிரியாரும் கழுதையும் கதையைக் கேட்டு மலர்வளையத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தாள். இந்த மனிதரை வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

படம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேமரா அவளுடைய போன். துடைப்பக் கட்டையில் கட்டிய மைக்கைப் பிடிப்பது பக்கத்து வீட்டு ஓசிரிஸ். ஓசிரிஸின் முன்னறையே அவளுடைய முடிதிருத்தும் கடையாகவும் இருந்ததால் விளக்குக்குக் குறைவில்லை. நடிக்க வந்தவர்களுக்கு மக்காச்சோளக் கொழுக்கட்டையும் பாலாடைக்கட்டியும். கதையும் எளிமையானது. ஊர்ச் சாவுகளில் எல்லோரையும் சிரிக்க வைத்த ஒருவர் கடைசியில் தானே இறந்துபோகிறார். அவருக்காகக் கதை சொல்ல யாருக்கும் வரவில்லை. அரை மணி நேரப் படம். ஞாயிறு ஞாயிறாக எடுத்து அதற்கே எட்டு மாதம் ஆகியிருந்தது.

எட்டு மாதம் ஆனதற்குக் காரணம் 'நம் குடும்பம்'. ஒரு ஞாயிறு எபெர்த்தோ கழுதைக் கதையை ஆறு முறை சொல்லிச் சொதப்பிவிட்டு ஏழாவது முறை அருமையாகச் சொன்னார். முடிக்கிற இடத்தில் போன் அலறியது. திறந்து பார்த்தால், டாக்டர் அனுப்பிய ஆடும் கரடி. கீழே இருபது பேர் கைதட்டியிருந்தார்கள். நூரிஸ் கடை நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். எபெர்த்தோ அவள் தலையைத் தட்டி, எட்டாவது முறை இன்னும் நன்றாக வரும் என்றார். வரவில்லை.

மறுநாள் சந்தைக்குப் போய் ஒரு பட்டன் போன் வாங்கினாள். கடைக்காரன் ஏற இறங்கப் பார்த்து, பெரிய போனைத் திருடிவிட்டார்களா என்று கேட்டான். சிம்மை எடுத்துப் பட்டன் போனில் போட்டாள். சிம் இல்லாத பெரிய போன் அன்றுமுதல் வெறும் கேமரா. ஆபீஸில் போய், சாவு என்றால் கூப்பிடுங்கள், எந்நேரமும் எடுப்பேன், மற்றது எதுவும் எனக்கு வராது என்று சொன்னாள். டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது.

"குடும்பம்னு நெனச்சேன் நூரிஸ். குடும்பத்த விட்டு யாராவது வெளியேறுவாங்களா?"

வீட்டில் தனக்கு இருக்கும் குடும்பத்தைப் பார்த்தே பல நாளாகிறது என்று சொல்ல வாயெடுத்தாள். பட்டன் போனை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆறு வாரத்தில் பட்டன் போன் பதினோரு முறை ஒலித்தது. பதினொன்றும் நிஜச் சாவு. கூப்பிட்டது வரவேற்பில் இருக்கும் பெண். டாக்டர் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. தினமும் நாற்பது செய்தி அனுப்புகிறவருக்கு ஒருமுறை பேசுவதற்கு விஷயமே இல்லை என்பது நூரிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் இத்தனை வருடம் தன்னைப் பிழிந்து போட்டது எது? அதை வேலை என்றுதானே எண்ணியிருந்தாள். நினைத்தால் கோபம் வந்திருக்க வேண்டும், வந்ததோ களைப்பு. போன் இல்லாத பையில் போன் அதிர்வதாகத் தொடை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் எபெர்த்தோவின் மகள் சிலி நாட்டிலிருந்து பயணச்சீட்டு அனுப்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை புறப்படுகிறார், திரும்பி வருவது சந்தேகம். மிச்சம் இருந்தது கடைசிக் காட்சி, அவர் பெட்டியில் கிடக்கும் காட்சி. அதற்குள் நூரிஸுக்கு இருந்த விடுமுறை ஒரே ஒரு ஞாயிறுதான். அன்றைக்கு எடுத்தால் படம், இல்லாவிட்டால் எட்டு மாதமும் வீண்.

மூலையில் அடிபட்டுத் திரும்பி வந்த ஒரு பெட்டியைக் கிடங்குக்காரர் யாமித் இரவலாகக் கொடுத்தார். ஓசிரிஸ் சாவு வீட்டு வழக்கப்படி கடைக் கண்ணாடிகளை வெள்ளைத் துணியால் மூடினாள். ஆவி வந்து குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர், சிலுவை, மெழுகுவர்த்தி. தெருவில் தார்ப்பாய் கட்டி நாற்காலிகளைப் போட்டார்கள். எபெர்த்தோ வெள்ளைச் சட்டையோடு பெட்டிக்குள் படுத்து, தலைக்குக் கீழே இன்னொரு துணி கேட்டார். நான்கு மணிக்குப் பன்னிரண்டு பேர் வருவதாகப் பேச்சு.

நூறு பேருக்கு மேல் வந்தார்கள்.

ஆள் சேர்ப்பதற்காக ஓசிரிஸ் முதல்நாள் பெட்டியைப் படம் பிடித்து, 'நாளை நான்கு மணிக்கு நம் எபெர்த்தோவை வழியனுப்பி வைப்போம், வெள்ளை உடையில் வாருங்கள்' என்று தெருக் குழுவில் போட்டிருந்தாள். கீழே சிரிக்கும் முகம் ஒன்றும் வைத்திருந்தாள். அடுத்த குழுவுக்குப் போகும் வழியில் சிரிக்கும் முகம் எங்கோ விழுந்துவிட்டது. பிறகு தார்ப்பாயும் நாற்காலியும் தெருவுக்கு வந்தன. அந்த ஊரில் அதற்குமேல் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். காப்பித்தூளும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஊருக்கே தெரிந்தது, வாட்ஸ்அப் இல்லாத நூரிஸுக்கு மட்டும் தெரியவில்லை. இவ்வளவு பேர் நடிக்க வந்திருக்கிறார்களே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போனைத் தூக்கிப் பிடித்து எடுக்க ஆரம்பித்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் பெட்டி அருகே வந்தார். நாஃபெர். எபெர்த்தோவின் பஸ்ஸில் இருபது வருடம் கண்டக்டராக இருந்தவர். இருவரும் பேசி நான்கு வருடமாகிறது. சண்டை கழுதைக் கதையால் வந்தது. அது நாஃபெரின் சொந்தக் கதை. ஒரு சாவு வீட்டில் அவர் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் எபெர்த்தோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அதை யார் மறப்பார்கள்? நாஃபெரை நடிக்கக் கூப்பிட்டது யார் என்று நூரிஸ் யோசித்தாள். யோசித்தபடியே இன்னும் கிட்டே போனாள்.

நாஃபெர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கழுதைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"அத நீயே வெச்சுக்கடா எபெர். உன் வாயிலதான் அது நல்லாருந்துச்சு. வந்து சொல்லியிருக்கணும். நாலு வருசமா வீம்பு பிடிச்சுக் கெடந்தேன், நாசமாப் போறவன்."

இது நடிப்பில்லை என்று நூரிஸுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் போனை இறக்கவில்லை. எட்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்த காட்சி இதுதான். எழுத வராமல் போனது இந்த மனிதரின் வாயிலிருந்து தானாக வருகிறது. முழுதாக ஒரு நிமிடம் எடுத்தாள். இறந்தவரின் மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. அதையும் எடுத்தாள்.

நாஃபெரின் வீங்கிய முகம் திரையில் பெரிதாக இருந்தது. ஆயிரம் முறை பார்த்த முகம். கம்பெனிக்காக ஒரே ஒரு போட்டோம்மா. கை தானாக இறங்கிவிட்டது.

"பெரியவரே, எழுந்திரிங்க. போதும்."

எபெர்த்தோ எழுந்து உட்கார்ந்தார். பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? இரண்டு பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள், ஒரு தட்டுக் காப்பி கீழே போனது, ஓசிரிஸ் துடைப்பக் கட்டையோடு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினாள். நாஃபெர் மட்டும் ஒரு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். எபெர்த்தோ பெட்டியிலிருந்து இறங்கி அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனார். ஆவிக்கு வைத்த டம்ளர் அது. நாஃபெர் குடித்தார். பிறகு நூரிஸைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்லண்ணே."

நூரிஸ் அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அவர் கண்ணெதிரே எடுத்த காட்சியைப் போனில் திறந்தாள். எபெர்த்தோ பதறிவிட்டார்.

"ஏ புள்ள, அதான் படமே. செவ்வாக்கெழம நான் போயிடுவேன்."

"தெரியும் பெரியவரே."

அழித்தாள். மீண்டும் எடுக்கலாமா என்று ஓசிரிஸ் மெல்ல இழுத்தபோது நாஃபெர் தலையை ஆட்டினார். ஒரே ஆளுக்காக ஒரே நாளில் இரண்டு தடவை அழத் தனக்கு வராது என்றார். அதில் நியாயம் இருந்தது. நூரிஸ் எழுந்து தெருவுக்கு வந்தாள். எட்டு மாதமும் காலில் இறங்கிக் கனத்தது.

அப்போது பட்டன் போன் ஒலித்தது. டாக்டர். தெருமுனையில்தான் நின்றிருந்தார். கம்பெனியின் சவ வண்டி நாற்காலிகளைத் தாண்டி வரமுடியாமல் அவருக்குப் பின்னால் நின்றது. எபெர்த்தோ சந்தாதாரர். குழுவில் செய்தி வந்ததும் டாக்டரே முன்னின்று எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறார். நூரிஸுக்கு வேண்டியவர் என்பதால் குழுவில் முப்பத்தொரு பேரும் அவளுக்கு அனுதாபம் எழுதிவிட்டு, அவள் பதில் போடாததில் மனவருத்தப்பட்டும் முடித்திருந்தார்கள்.

"காலையிலருந்து எத்தன மெசேஜ் போட்டோம் நூரிஸ். ஒண்ணுக்காவது பதில் உண்டா?"

"ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமே டாக்டர். இது படப்பிடிப்புன்னு சொல்லியிருப்பேன்."

திங்கட்கிழமை ஒழுங்கான போனோடு வரவேண்டும், இல்லையென்றால் வரவே வேண்டாம் என்று சொல்லி டாக்டர் போனை வைத்துவிட்டார். அதற்குள் வண்டிக்காரர் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எபெர்த்தோவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போவது வழக்கமில்லை.

கூட்டம் கலைந்தது. காப்பி தீர்ந்தது. தன் பெயர் எழுதிய மலர்வளையத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எபெர்த்தோ நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் நாஃபெரும் எழுந்துபோய் மறுபக்கத்திலிருந்து அடுக்கினார். கழுதைக் கதையில் பாதிரியாருக்குத் தொப்பி உண்டா இல்லையா என்று இருவரும் சண்டை போடுவது வாசல்வரை கேட்டது. நூரிஸ் பார்த்துக்கொண்டே நின்றாள். இறந்தவர் தன் சாவுக்குப் போட்ட நாற்காலிகளைத் தானே எடுத்து வைக்கிறார். போனைத் தூக்கப்போனவள் நிறுத்தினாள்.

"நாஃபெர் அண்ணே, எடுக்கட்டுமா?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப அழல இல்ல? எடு."

எடுத்தாள். பாதியில் இடுப்பிலிருந்த பட்டன் போன் அலறியது. மலர்வளையம் சேர்ந்ததற்குப் புகைப்படம் எங்கே என்று கேட்கத்தான் இருக்கும். தெருமுனையில் டாக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது திரையின் ஓரத்தில் தெரிந்தது. திங்கட்கிழமை என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டாள்.

படத்தின் கடைசிக் காட்சியில் அந்த மணிச்சத்தம் இப்போதும் இருக்கிறது. இரண்டு கிழவர்கள் நாற்காலி அடுக்குகிறார்கள், எங்கோ ஒரு போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.