ஒட்டகம் சுமந்து வந்த இனிப்புப் பை

முதலில் என் முட்டாள்தனம், பிறகு முருகனின் பெருமை. நீரிழிவுக்காரியான என் மனைவியின் இனிப்புகளைப் பாலைவனத்தில் தானம் செய்தவன் நான்.

போன தை மாதம் ராஜஸ்தான் போயிருந்தோம். கடைசி இரவு ஒரு பாலைவன முகாமில். மறுநாள் ஆக்லாந்துக்கு விமானம். நம் ஆக்லாந்து விமான நிலையத்தில் தின்பண்டம் தேடும் மோப்ப நாயை உங்களுக்குத் தெரியும். பையருகே அது உட்கார்ந்தால் கதை முடிந்தது. எனக்கு அந்த நாய் பாலைவனத்திலேயே தெரிந்தது. தின்னக்கூடியதை எல்லாம் ஒரு துணிப்பையில் திணித்தேன். முறுக்கு, பேரீச்சம்பழம், மனைவி சுகந்தி அவசரத்துக்கு வைத்திருந்த குளுக்கோஸ் இனிப்பும்தான். "ஒட்டகத்துக்கா?" என்று ஒட்டகக்காரர் கையால் கேட்டார். பெரிய வள்ளல்போலத் தலையாட்டினேன்.

மாலையில் அவர் எங்களை ஒரு மணல்மேட்டில் இறக்கிவிட்டு, மற்றவர்களை அழைத்துவர முகாமுக்குப் போனார். சற்று நேரத்தில் சுகந்திக்கு வியர்த்தது. கை நடுங்கியது.

"இஞ்சாருங்கோ, சுகர் இறங்குது. பையில இனிப்பு கிடக்கு, எடுங்கோ."

பையில் சீப்புத்தான் கிடந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. அவள் மணலில் சரிந்தாள். முகாமுக்கு ஓடினால் இந்த மேட்டைத் திரும்பக் கண்டுபிடிக்க மாட்டேன். அசைவதில்லை என்று முடிவெடுத்தேன். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன்: "முருகா, பிழை என்ர. இவளையும் விடமாட்டன், உன்னையும் விடமாட்டன்!" தொண்டை கட்டும்வரை அதையே கத்தினேன்.

மேட்டுக்குப் பின்னால் மணிச்சத்தம். மயில் வருமென்று பார்த்தால் ஒட்டகம், கூடவே ஒட்டகக்காரர். பாதி வழியில் அது முகாமுக்குப் போக மறுத்து, எங்கள் பக்கமே திரும்பிவிட்டதாம். சேணத்தில் என் துணிப்பை தொங்கியது. முறுக்கும் பேரீச்சம்பழமும் போய்விட்டிருந்தன. இனிப்பு அப்படியே இருந்தது. நல்லகாலம், சுகந்திக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. கால்மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

இப்போது ஆக்லாந்தில், தகனினி வீட்டில், தினமும் அவள் பையில் இனிப்பைப் பார்த்த பிறகுதான் திருநீறு பூசி வேலைக்குப் புறப்படுகிறேன். எல்லாம் தெரிந்த என் வாயும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அடியார்களே, பிழை உங்களுடையதாக இருந்தாலும் விடாமல் கூப்பிடுங்கள். வருவான். வாகனத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டாம்.

அன்றிரவு கூடாரத்தில் கண்கலங்கச் சொன்னேன்: "முருகன்தான் உம்மைக் காப்பாத்தினவர்."

அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"ஓம். உங்களிட்ட இருந்து."