எல்லையைத் தாண்டிப் போட்டுக்கொள்ளலாம்

காரைக்காலில் வண்டி வைத்திருப்பவன் எவனும் நாகப்பட்டினத்தில் பெட்ரோல் போடமாட்டான். ரிசர்வில் உருட்டியாவது வாஞ்சூர் எல்லையைத் தாண்டி வந்து நம் பக்கத்து பங்க்கில்தான் போடுவான். புதுச்சேரி ஆட்சி என்பதால் நம் பக்கம் வரியும் விலையும் குறைவு. ஆயுள் முழுக்க நானும் அப்படித்தான். அந்தப் புத்தியை அமெரிக்காவுக்கும் கொண்டுபோய்விட்டேன்.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். வேலை மாற்றலாகி வேறு ஊருக்குக் குடிபோகிறார்கள். மாப்பிள்ளை ஓட்டுகிறார், பக்கத்தில் நான், பின்னால் மகள் நல்ல தூக்கம். அது ஒரு மாநில நெடுஞ்சாலை. மலையில் ஏறி இறங்கினால் புல் பூண்டு இல்லாத பள்ளத்தாக்கு, அதைக் கடந்தால் மறுபடி அதே மாதிரி மலை. இது மூன்றாவதா, நான்காவதா? வந்த வழியிலேயே திரும்பிப் போகிறோமோ என்றுகூடத் தோன்றியது. எங்கள் ஊர் நெடுங்காட்டில் எந்த வயல் நடுவே விட்டாலும் வீடு சேருவேன். இங்கே கிழக்கு எது என்றே பிடிபடவில்லை.

ஒரு பங்க் வந்தது. மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தார். ஃபோன் மேப்பில் அடுத்த மாநிலத்தின் எல்லைக்கோடு பக்கத்தில் தெரிந்தது.

"இங்க வேணாம் மாப்ள. எல்லையத் தாண்டிப் போட்டுக்கலாம், சல்லிசா இருக்கும்."

"அடுத்த பங்க் ரொம்ப தூரம்னு போர்டு வச்சிருக்காங்க மாமா."

"அப்படித்தான் வைப்பானுங்க. அவனுக்கு ஏவாரம் ஆவணும்ல? நீங்க போங்க."

மாமனார் பேச்சைத் தட்டக்கூடாது என்று அவரும் போய்விட்டார்.

எல்லை வந்தது. ஒரே ஒரு பலகை. பங்க் இல்லை, பிராந்திக் கடை இல்லை, டீக்கடைகூட இல்லை. இதெல்லாம் ஒரு எல்லையா! இன்னும் இரண்டு மலை தாண்டியதும் கார் நின்றுவிட்டது. சிக்னலும் இல்லை. ஏசி நின்ற புழுக்கத்தில் மகள் விழித்தாள். முகமெல்லாம் வியர்வை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னாச்சு?" என்றாள்.

"பெட்ரோல் போட மறந்துட்டேன்," என்றார் மாப்பிள்ளை. என் பக்கம் திரும்பவே இல்லை.

என்னைக் காப்பாற்றினாரா, குத்திக்காட்டினாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு லாரிக்காரர் நிறுத்தி, தன் கேனில் இருந்த பெட்ரோலை ஊற்றிவிட்டுப் போனார். கார் கிளம்பியதும் மகள் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு இப்படியா வருவீங்க? எங்கப்பாவோட எத்தன ஊருக்குப் போயிருக்கேன், ஒருநாளு நடுரோட்டுல நின்னதில்ல. அவருகிட்ட கத்துக்குங்க!"

"சரி," என்றார் அவர். அவ்வளவுதான்.

இப்போதாவது சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன். ஊரில் வாய்க்கொழுப்புக்குப் பேர்போன ஆள் நான். "தண்ணி இருக்காம்மா?" என்பதுதான் வெளியே வந்தது.

இருந்தது கால் பாட்டில். அதை அப்படியே என்னிடம் நீட்டினாள்.

"குடிங்கப்பா. பாவம், உங்களையும் வெயில்ல காயவச்சிட்டாரு."

வாங்கி, முழுவதையும் குடித்தேன்.